செத்த அடகு: ஈட்டு உறுதியின் கதையும் நமது காணியும்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டீயை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். கரவனெல்ல, ருவன்வெல்ல, யட்டியாந்தோட்டைப் பக்கம் பத்து பேர்ச்சஸ் காணியாவது வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தேவைப்படும்.

அவசரத்துக்குக் காசு தேடும்போது நமது ஊர்களில் காணி உறுதியைக் காட்டித்தான் பெரும்பாலும் கடன் வாங்குகிறோம். வெளிநாட்டுப் பயணம், பிள்ளையின் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, கடைக்குச் சாமான் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். நொத்தாரிசிடம் போனால் இரண்டு விதமான உறுதிகள் உண்டு. ஒன்று ஈட்டு உறுதி. சிங்களத்தில் ‘உகஸ்’ என்பார்கள். மற்றது நிபந்தனைக் கைமாற்ற உறுதி. அதாவது, இன்ன திகதிக்குள் காசைத் திருப்பித் தந்தால் காணியைத் திருப்பி எழுதித் தருவேன் என்ற நிபந்தனையோடு காணியை விற்றுவிடுவது.

கையெழுத்துப் போடும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒரே நொத்தாரிசு, இரண்டு சாட்சிகள், ஒரே மாதிரி முத்திரை. ஆனால் தவணை தவறினால் ஒன்றில் காணி இன்னும் உங்களுடையது, மற்றதில் அது போய்விட்டது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் அது நம்மை எண்ணூறு வருடங்களுக்கு முந்திய இங்கிலாந்துக்குக் கூட்டிச் செல்கிறது.

*

‘மோட்கேஜ்’ என்ற சொல் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. ‘மோட்’ என்றால் செத்தது. ‘கேஜ்’ என்றால் அடகு. ஆக, செத்த அடகு. ஏன் இப்படி ஒரு பெயர்?

1180களில், இரண்டாம் ஹென்றி மன்னர் காலத்தில், இங்கிலாந்தின் சட்டங்களை விளக்கி லத்தீனில் ஒரு நூல் எழுதப்பட்டது. கிளான்வில் என்ற நீதிபதியின் பெயரால் அது அறியப்படுகிறது. அதில் இரண்டு வகை அடகு வருகிறது. இரண்டிலும் கடன் கொடுத்தவர்தான் காணியைக் கையில் வைத்திருப்பார். உயிருள்ள அடகில், காணியில் விளைவது கடனில் கழியும். விளைச்சல் வரவரக் கடன் குறையும், ஒருநாள் காணி தானாகவே மீண்டுவிடும். செத்த அடகில் விளைச்சல் எதுவும் கடனில் கழியாது. அத்தனையும் கடன் கொடுத்தவருக்கே. பத்து வருடம் அறுவடை எடுத்த பின்னும் முதல் அப்படியே நிற்கும்.

செத்த அடகு வட்டிதான் என்று அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1163இல் தூர் நகரில் கூடிய திருச்சபை மாநாடு, மதகுருமார் இப்படி அடகு பிடிப்பதைத் தடை செய்தது. மன்னரின் நீதிமன்றம் இதைத் தடுக்கவில்லை. ஆனால் வட்டிக்காரனாகவே ஒருவர் இறந்துபோனால் அவருடைய அசையும் சொத்துகளை மன்னர் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார்கள். உயிரோடு இருக்கும்வரை பாவம், செத்த பிறகு அரசாங்கத்துக்கு வருமானம்!

இந்தச் செத்த அடகு நமக்கும் பழக்கமானதுதான். யாழ்ப்பாணத்தில் இதன் பெயர் ஒற்றி. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டத்தில் ஒற்றிக்குத் தனி விதிகளே உண்டு. கண்டி இராச்சியத்திலும் காணியை ஈடு பிடித்தவர் வட்டிக்குப் பதிலாக விளைச்சலை எடுக்கும் வழக்கம் இருந்தது. இன்றும் சிலர் வீட்டை ஒற்றிக்குக் கொடுத்துக் காசு வாங்குகிறார்கள். வாங்கியவர் வாடகையில்லாமல் குடியிருப்பார், முதல் குறையாது.

*

அந்தக் கால இங்கிலாந்தில் காசு கடன் கொடுத்தவர்களில் யூதர்கள் முக்கியமானவர்கள். நிலம் வைத்துக்கொள்வதிலும் பல தொழில்களிலும் அவர்களுக்கு வழி அடைக்கப்பட்டிருந்தது. லிங்கன் நகரத்து ஆரோன் என்பவர் 1186இல் இறந்தபோது, அவருக்கு வரவேண்டிய கடன்கள் மன்னருக்குப் போயின. அவற்றைக் கணக்குப் பார்க்கவே அரசாங்கம் தனிப் பிரிவு ஒன்று வைக்க வேண்டி வந்தது.

1190இல் யோர்க் நகரத்தில் ஒரு கும்பல் யூதர்களைத் தாக்கியது. கோட்டைக் கோபுரம் ஒன்றில் ஒதுங்கியிருந்தவர்கள் மாண்டுபோனார்கள். அதன் பிறகு அந்தக் கும்பல் நேரே பெரிய தேவாலயத்துக்குப் போய், அங்கே வைக்கப்பட்டிருந்த கடன் பத்திரங்களை எடுத்து எரித்தது. மதத்தின் பெயரில் ஆரம்பித்த கலவரம் கடன் பத்திரத்தில் போய் முடிந்தது. கடன் சுமையின் கோபத்தை ஒரு முழுச் சமூகத்தின் மீது திருப்பிவிடுவது எவ்வளவு இலகு என்பதை நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

எரிந்த பத்திரங்களால் மன்னருக்கும் நட்டம், ஏனென்றால் அந்தக் கடன்களில் அவருக்கும் பங்கு இருந்தது. ஆகவே 1194இல் முக்கிய நகரங்களில் பல பூட்டுகள் கொண்ட பெட்டிகள் வைக்கப்பட்டன. கடன் பத்திரம் இரண்டு பிரதியாக எழுதப்பட வேண்டும், ஒரு பிரதி பெட்டிக்குள் போக வேண்டும் என்று விதி வந்தது. அரசாங்கம் கடன் பத்திரத்தைத் தானே பாதுகாக்கத் தொடங்கிய கதை இது. 1275இல் யூதர்கள் வட்டிக்குக் கொடுப்பது தடை செய்யப்பட்டது. 1290இல் அவர்கள் நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டார்கள்.

இங்கே ஒரு விடயத்தை நினைவுபடுத்த வேண்டும். கடனை எழுதிக்கொள்ளுங்கள், சாட்சி வையுங்கள், எழுதுபவர் கிடைக்காத பயணத்தில் ஈடு ஒன்றைக் கையில் பெறுங்கள் என்று சூரா அல்பகராவின் 282ஆம், 283ஆம் வசனங்கள் நமக்குக் கட்டளையிட்டது ஏழாம் நூற்றாண்டில். நாமோ இன்றும் “நம்ம ஆள்தானே” என்று வாய்ப்பேச்சில் இலட்சக்கணக்கில் கொடுக்கிறோம், வாங்குகிறோம்.

*

பிறகு இங்கிலாந்தில் அடகின் உருவம் மாறியது. பதினைந்தாம் நூற்றாண்டில் லிட்டில்டன் என்ற நீதிபதி எழுதிய நூலில் ‘செத்த அடகு’ என்பதற்கு வேறு விளக்கம் இருக்கிறது. கடன் வாங்குபவர் காணியை அப்படியே எழுதிக் கொடுத்துவிடுவார். குறித்த நாளில் காசைக் கட்டினால் காணி திரும்பி வரும். கட்டாவிட்டால் காணி அவருக்குச் செத்துப்போகும். கட்டினால் கடன் கொடுத்தவருக்கு அது செத்துப்போகும்.

கவனித்தீர்களா? நமது நொத்தாரிசு மேசையில் இருக்கும் நிபந்தனைக் கைமாற்ற உறுதி அச்சொட்டாக இதுதான்.

அந்தச் சட்டம் இரக்கமே இல்லாதது. ஒரு நாள் பிந்தினாலும் காணி போய்விடும். நூறு பவுண் கடனுக்கு ஆயிரம் பவுண் பெறுமதியான காணி போனாலும் நீதிபதி, “நீதானே கையெழுத்துப் போட்டாய்” என்பார்.

இந்த நிலையை மாற்றியது இன்னொரு நீதிமன்றம். இங்கிலாந்தில் சாதாரண நீதிமன்றங்களுக்குப் பக்கத்தில் சான்சரி என்று ஒன்று இருந்தது. எழுதப்பட்ட சொல்லை மட்டும் பாராமல் நியாயத்தைப் பார்ப்பது அதன் வேலை. முதலில் வெள்ளம், கொள்ளை போன்ற அசாதாரண காரணத்தால் பிந்தியவர்களுக்கு உதவியது. பதினேழாம் நூற்றாண்டில் அது எல்லாக் கடனாளிகளுக்கும் பொதுவான உரிமையாகிவிட்டது. தவணை கடந்தாலும் முதலையும் வட்டியையும் செலவையும் கட்டிவிட்டால் காணியை மீட்டுக்கொள்ளலாம். கடன் கொடுத்தவர் இதற்கு முடிவு கட்ட விரும்பினால் நீதிமன்றத்துக்கு வந்து ஒரு கடைசித் திகதி கேட்க வேண்டும்.

கடன் கொடுப்பவர்கள் சும்மா இருப்பார்களா? “மீட்கும் உரிமை எனக்கு வேண்டாம்” என்று கடனாளியிடமே எழுதி வாங்கப் பார்த்தார்கள். சான்சரி அதையும் ஏற்கவில்லை. உண்மையில் அது கடனுக்கான ஈடு என்றால், உறுதிக்கு என்ன பெயர் வைத்தாலும் ஈடுதான் என்றது. அவசரத்தில் இருப்பவன் எதிலும் கையெழுத்துப் போடுவான் என்பதை அந்த நீதிபதிகள் விளங்கியிருந்தார்கள்.

இதே காலத்தில் வட்டிக்கும் சட்டம் உச்சவரம்பு வைத்தது. 1545இல் நூற்றுக்கு 10, 1624இல் 8, 1714இல் 5 என்று அது இறங்கியது. வட்டி வெளிப்படையாக அனுமதிக்கப்பட்டதால், கடன் கொடுத்தவர் காணிக்குள் புகுந்து விளைச்சலை எடுக்க வேண்டிய தேவை குறைந்தது. கடனாளி தன் காணியிலேயே இருந்துகொண்டு வட்டி கட்டினார். இன்று உலகம் முழுக்க வங்கிகள் செய்யும் வீட்டுக் கடனின் அடிப்படை உருவம் அங்கேதான் உருவானது. வட்டியை நாம் ஏற்கவில்லை, அது வேறு விடயம். ஆனால் தவணை தவறியவனின் காணியை விழுங்கக்கூடாது என்ற நீதியை நாம் மறுக்க முடியாது.

மறுக்கவும் முடியாது, ஏனென்றால் அது நமது நீதியும்தான். அடகுப்பொருள் தவணை தவறியதற்காக மூழ்கிப்போகாது என்ற கருத்தில் ஒரு நபிமொழி இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் பதிவாகியிருக்கிறது. “இன்ன நாளில் தராவிட்டால் பொருள் உனக்கே” என்ற ஒப்பந்தம் செல்லாது என்று இமாம் அதற்கு விளக்கமும் தருகிறார். ரோமப் பேரரசர் கொன்ஸ்தந்தீனும் நான்காம் நூற்றாண்டில் இதே போன்ற நிபந்தனையைத் தடை செய்திருந்தார். வேறு வேறு காலம், வேறு வேறு நாடு. எல்லோரும் ஒரே அநியாயத்தைத்தான் கண்டிருக்கிறார்கள்.

*

இனி நமது நாட்டுக்கு வருவோம்.

ஆங்கிலேயர் 1799இல் ஒரு பிரகடனம் வெளியிட்டு, கரையோரப் பகுதிகளில் ஒல்லாந்தர் கால உரோம ஒல்லாந்தச் சட்டத்தையே தொடர விட்டார்கள். 1852இல் வந்த ஒரு சட்டத்தின்படி, கண்டியச் சட்டம் எதுவும் சொல்லாத விடயங்களில் அது மலைநாட்டுக்கும் பொருந்தியது. கேகாலையும் இதற்குள் அடங்கும். அந்தச் சட்டத்தில் ஈடு என்பது விற்பனை அல்ல. காணி கடனாளியுடையதே. கடன் கொடுத்தவர் நீதிமன்றத் தீர்ப்பு பெற்று, காணியை ஏலத்தில் விற்று, தனக்குரியதை எடுத்துக்கொண்டு மிகுதியைக் கொடுக்க வேண்டும். இங்கிலாந்து சான்சரியின் மூலம் சுற்றி வந்து சேர்ந்த இடத்தில் நமது சட்டம் முதலிலேயே இருந்தது.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காணியை விற்பதும் ஈடு வைப்பதும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு நடக்க வேண்டும் என்றது. அதே காலத்தில்தான் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. தோட்டங்கள் கொழும்பு வணிக நிறுவனங்களிடமும் வங்கிகளிடமும் ஈடு வைக்கப்பட்டு, அந்தக் காசில் காடு வெட்டப்பட்டது. 1869இல் கோப்பி இலைத்துரு நோய் தெரிய வந்தது. பதினைந்து வருடத்தில் எல்லாம் சரிந்தது. கோப்பித் தோட்டங்களை ஈடு பிடித்திருந்த ஓரியண்டல் வங்கி 1884 மே 3ஆம் திகதி கதவை மூடியது. அந்த வங்கியின் நோட்டுகளைக் கையில் வைத்திருந்த மக்கள் கலங்கியபோது, ஆளுநர் ஆர்தர் கோர்டன் நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்தார். அரசாங்கமே நோட்டு அடிக்கும் முறை அதன் பின்னர்தான் இங்கே வந்தது.

தோட்டம் ஏலத்துக்குப் போகும்போது ஈடு பிடித்தவர் முன்வரிசையில் நிற்பார். மாதக்கணக்கில் சம்பளம் கிடைக்காத தொழிலாளிக்கு என்ன? இந்தக் கேள்வி பெரிதாக எழுந்த பின்னர், 1880களில் வந்த சட்டம் தொழிலாளியின் சம்பள நிலுவையைத் தோட்டத்தின் மீதான முதல் பொறுப்பாக ஆக்கியது. நமது பக்கத்துத் தோட்டங்களில் வாழும் உறவுகள் இதை அறிந்துகொள்ள வேண்டும். ஈட்டையும் முந்திக்கொண்டு வேர்வைக்கு இடம் கொடுத்த சட்டம் அது.

ஆனால் அதே தோட்டங்களில் மனிதர்களையே ஈடு வைத்தது போன்ற ஒரு முறையும் இருந்தது. அதன் பெயர் ‘துண்டு’. தொழிலாளியும் கங்காணியும் பட்ட கடனை ஒரு துண்டில் எழுதுவார்கள். அந்தக் கடனை வேறு தோட்டத்துரை கட்டினால்தான் ஆட்கள் அங்கே போகலாம். கடன் கைமாறும், கடனோடு ஆட்களும் கைமாறுவார்கள். காணியில்லாதவன் தன் உடலையே உறுதியாக வைத்த கதை. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்தான் துண்டு முறையை ஒழித்தது.

அடுத்த அடி 1930களில் விழுந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் இறப்பர் விலை விழுந்தபோது நமது களனிப் பள்ளத்தாக்கும் அடிபட்டது. வங்கிகள் உள்ளூர்க்காரருக்குக் கடன் கொடுக்காத அந்தக் காலத்தில், கொழும்பு செட்டியார் தெருவின் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடம்தான் பலர் காணியை ஈடு வைத்திருந்தார்கள். செட்டியார்களே வங்கிகளிடம் கடன் பட்டிருந்ததால், மேலிருந்து நெருக்கடி வந்தபோது கீழே ஈடுகள் மூழ்கின. 1931இல் அரச ஈட்டு வங்கி தொடங்கியதும், 1934இல் வங்கி ஆணைக்குழு அமைந்ததும், 1939இல் இலங்கை வங்கி பிறந்ததும் இந்தப் பின்னணியில்தான். 1941இல் கடன் இணக்கக் கட்டளைச் சட்டம் வந்தது.

*

சரி, சட்டம் இவ்வளவு நியாயமாக இருந்தால் காணிகள் ஏன் இன்னும் போகின்றன?

ஈட்டு வழக்கு வருடக்கணக்கில் இழுபடும். அதனால் தனியார் கடன் கொடுப்பவர்கள் ஈட்டையே விட்டுவிட்டு விற்பனை உறுதி கேட்கிறார்கள். விற்பனைக்கு ஈட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. ஓர் உதாரணம் பாருங்கள். 40 இலட்சம் பெறுமதியான காணி. 10 இலட்சம் கடன். ஒரு வருடத் தவணை. ஈடு என்றால், தவறினாலும் ஏலத்தில் விற்று, கடனும் வட்டியும் செலவும் போக மிகுதி உங்களுக்கு. நிபந்தனைக் கைமாற்றம் என்றால், தவணை முடிந்த மறுநாள் 40 இலட்சமும் அவருடையது. இங்கிலாந்தில் பதினேழாம் நூற்றாண்டில் அடக்கம் செய்த மையித்து இங்கே எழும்பி நடமாடுகிறது.

நம்மவர்களிடம் இன்னொரு பேச்சும் உண்டு. “வட்டி எழுதினால் ஹறாம், இது வியாபாரம்தானே, பரவாயில்லை.” இது புதிய வாதம் அல்ல. மத்திய ஆசியாவின் புகாரா, சமர்கந்து பக்கம் சுமார் ஆயிரம் வருடங்களுக்கு முன்பே ‘பைஉல் வபா’ என்ற பெயரில் இந்த விற்பனை நடந்தது. சில ஹனபி அறிஞர்கள் தேவை கருதி இடம் கொடுத்தார்கள். உஸ்மானிய மஜல்லாவிலும் அது இடம்பெற்றது. ஆனால் 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அக்கடமி, இது இலாபம் தேடும் கடன்தான், கூடாது என்று முடிவு சொன்னது. நான் பாடசாலை ஆசிரியர், முப்தி அல்ல. உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஆனால் கேட்கும்போது முழு விபரத்தையும் சொல்லிக் கேளுங்கள்.

கடைசியாகச் சில நடைமுறை விடயங்கள்:

1. கையெழுத்துக்கு முன் நொத்தாரிசிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “இது ஈடா, கைமாற்றமா?” உறுதி சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் தமிழில் விளக்கம் கேளுங்கள். விளக்க வேண்டியது அவரது கடமை.

2. எந்த நிபந்தனையும் எழுதாமல் அறுதியாக எழுதிக் கொடுத்து, “பிறகு திருப்பித் தாறேன்” என்ற வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவில் இதற்கு வழக்காடலாம். விலை மிகக் குறைவா, காணியில் தொடர்ந்து இருந்தது யார் என்றெல்லாம் நீதிமன்றம் பார்க்கும். சான்சரியின் நியாயம் இந்தியா வழியாக நமக்கு வந்து சேர்ந்த கதவு அது. ஆனால் அந்தக் கதவைத் திறக்கப் பல வருடங்களும் பெரும் செலவும் ஆகும்.

3. நிபந்தனைக் கைமாற்றம் எழுதியாகிவிட்டது, கட்ட முடியாது போல இருக்கிறது என்றால், தவணை முடியும் முன்பே கடன் இணக்கச் சபைக்கு விண்ணப்பியுங்கள். முடிந்த பிறகு போனால் பயனில்லை. கடைசி மாதம்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

4. வங்கியில் ஈடு வைத்தால் நீதிமன்றம் போகாமலே ஏலம் விடும் அதிகாரம் வங்கிக்கு இருக்கிறது. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், ‘பராட்டே’ என்று செய்திகளில் கேட்டிருப்பீர்கள். நெருக்கடிக்குப் பின் 2024இல் அதைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். ஆகவே வங்கிக் கடிதம் வந்தால் பிரிக்காமல் வைக்காதீர்கள். உடனே போய்ப் பேசுங்கள்.

5. கட்டிய ஒவ்வொரு சதத்துக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். கடன் முடிந்ததும் விடுவிப்பு எழுதி, காணிப் பதிவகத்தில் பதிந்துகொள்ளுங்கள். பதியாவிட்டால் பதிவேட்டில் உங்கள் காணி இன்னும் ஈட்டில்தான் இருக்கும்.

கடன் கொடுக்கும் வசதியுள்ள சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் காசுக்கு உத்தரவாதம் கேட்பது உங்கள் உரிமை. ஈடு எழுதிக்கொள்ளுங்கள். நாலு மடங்கு பெறுமதியான காணியை ஒரு திகதியில் வைத்துப் பறிக்கும் உறுதியை மட்டும் எழுதாதீர்கள்.

இந்த வாரம் வீட்டு அலுமாரியைத் திறந்து உங்கள் உறுதியை ஒருமுறை எடுத்து வாசியுங்கள். விளங்காவிட்டால் விளங்கியவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். கடனில் இருக்கும் ஒருவரை உங்களுக்குத் தெரியுமென்றால் இந்தப் பதிவை அவருக்கு அனுப்புங்கள். அவருடைய தவணை இன்னும் முடியாமல் இருக்கலாம்.